வேளாண் நிலைக்குழு: அறிக்கை எழுதுவதைத் தவிர வேறென்ன வேலை?

டிசம்பர் 18, 2024 (வாசகர் கேள்வி)

நேற்று நாடாளுமன்றத்தில் வேளாண் நிலைக்குழு அறிக்கை வைத்திருக்கிறார்கள். ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம், மத்திய அரசு விவசாயிக்கு வருஷா வருஷம் போடும் கிசான் பணம் 6,000-லிருந்து 12,000, கடன் தள்ளுபடி. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பணம் வந்துவிட்ட மாதிரியே கொண்டாட்டம். ஒரே ஒரு கேள்வி. இவர்கள் சொன்னதை அரசு கேட்டே ஆகணுமா? இல்லையென்றால் முப்பத்தொரு பேர் டீ பிஸ்கட்டோடு உட்கார்ந்து எழுதும் கட்டுரைப் போட்டிதானே இது?

டிசம்பர் 18, இரவு

கேட்க வேண்டியதில்லை. பரிந்துரை, அவ்வளவுதான். அரசு "முடியாது" என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆனால் கட்டுரைப் போட்டியில் தோற்றவனுக்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். இங்கே எழுதியாகணும். விவரமாக அப்புறம் சொல்கிறேன், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, கரண்ட் போவதற்குள் பாத்தியைத் திருப்பணும்.

டிசம்பர் 20

மானியக் கோரிக்கையிலிருந்து தொடங்கினால்தான் இந்தக் குழு ஏன் வந்தது என்று புரியும். பட்ஜெட் வாசித்த பிறகு ஒவ்வொரு துறையும் "எனக்கு இவ்வளவு வேணும்" என்று மக்களவையில் தனித்தனியாகக் கேட்கணும். அதுதான் மானியக் கோரிக்கை. ஐம்பது சொச்சம் அமைச்சகங்களில் நாலைந்துதான் விவாதத்துக்கு வரும். மீதியெல்லாம் கடைசி நாள் மொத்தமாகச் சேர்த்து ஒரே அடியில் நிறைவேறும். அதற்கு 'கில்லட்டின்' என்று பேர். தலை வெட்டும் எந்திரத்தின் பெயர்தான், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். இத்தனை கோடியில் கால்வாய்க்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, போன வருஷம் கொடுத்ததில் செலவழிக்காமல் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று அவையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1993 ஏப்ரலில் துறைவாரியாக 17 நிலைக்குழுக்கள் போட்டார்கள். பட்ஜெட் கூட்டத்தொடருக்கு நடுவே இடைவேளை விடுகிறார்களே, அது ஓய்வு இல்லை, இந்தக் குழுக்கள் கணக்குப் பார்க்கும் நேரம். வேளாண் குழுவில் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10, மொத்தம் 31 பேர். எல்லாக் கட்சியும் உண்டு. அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. ஆயுள் ஒரே வருஷம், வருஷா வருஷம் திரும்ப அமைக்கணும். பட்ஜெட் தவிர, அனுப்பி வைத்தால் மசோதாவையும் பார்ப்பார்கள், ஆண்டறிக்கையையும் பார்ப்பார்கள். தாங்களே ஒரு விஷயத்தை எடுத்து ஆராய்வதும் உண்டு. அன்றாட நிர்வாகத்தில் மட்டும் தலையிடக் கூடாது. அதாவது உங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு என்ன கேட்கிறார்கள் என்ற பஞ்சாயத்து அங்கே எடுபடாது.

கூட்டம் மூடிய அறையில். டிவி கிடையாது. துறைச் செயலர் வந்து பதில் சொல்லணும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அந்த டிவி இல்லாததுதான். கேமரா இல்லாவிட்டால் நம் ஆட்கள் சத்தம் போடுவதில்லை, கேள்வி கேட்கிறார்கள்.

டிசம்பர் 21

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம். 31 என்பது 2004-க்குப் பிறகுதான். அதற்கு முன்பு ஒரு குழுவுக்கு 45 பேர். 2004-இல் குழுக்களை 24 ஆக்கியபோது ஆட்களைக் குறைத்தார்கள்.

இரண்டாவது, 1993-தான் பிறந்த வருஷம் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். வேளாண்மைக்கு அது இரண்டாம் பிறவி. 1989 ஆகஸ்டிலேயே சோதனையாக மூன்று குழுக்கள் போட்டார்கள்: வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் வனம். அதன் மேல்தான் 1993-இல் பெரிய கட்டடம் கட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1989-இல் அந்தக் குழு வந்தபோது மக்களவைத் தலைவர் பல்ராம் ஜாக்கர், பஞ்சாப் விவசாயக் குடும்பத்துக்காரர். 1993-இல் முழு நிலைக்குழு வந்து வேளாண் துறையைக் குடைய ஆரம்பித்தபோது வேளாண் அமைச்சர் யார் தெரியுமா? அதே பல்ராம் ஜாக்கர். தான் தீட்டிக் கொடுத்த அரிவாள் தன் தோட்டத்துக்கே அறுப்புக்கு வந்த கதை.

டிசம்பர் 23

ஒருவர் தனிச்செய்தியில், "சுவாமிநாதன் கமிட்டி சொன்னதைத்தான் இவர்கள் திரும்பச் சொல்கிறார்கள், அதே கமிட்டிதானே" என்று கேட்டிருந்தார். இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இருந்தது தேசிய விவசாயிகள் ஆணையம். அரசு நியமித்தது. நிலைக்குழு நாடாளுமன்றத்தின் கை. ஆணையம் அறிக்கை கொடுத்ததும் கலைந்துவிடும், நிலைக்குழு மறுபடி வந்து "அது என்ன ஆச்சு?" என்று கேட்கும். எங்கள் ஊரில் இரண்டையும் 'கமிட்டி' என்றே சொல்வதால் வரும் குழப்பம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டிசம்பர் 27

சரி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன். கத்தரிக்காய்.

நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் போடுகிறவன். கத்தரி வைத்தவனுக்குத் தெரியும், காலையில் காட்டுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது வாடித் தலைசாய்ந்த குருத்து. கிள்ளிப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் புழு. காய்க்குள் போய்விட்டால் வெளியே மிளகளவு ஓட்டைதான் தெரியும், அறுத்தால் கறுத்துக் கிடக்கும். கமிஷன் கடையில் பையைத் தட்டி, நாலு சொத்தை தென்பட்டால் மொத்தப் பைக்கும் விலையைக் குறைப்பார்கள். அதனால் வாரத்துக்கு இரண்டு மருந்து. மருந்தடித்த அன்று ராத்திரி சோறு இறங்காது, கண்ணெரிச்சல்.

இந்த நிலைமையில் 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு, அதாவது தின்ற புழு சாகும்படி மரபணு ஏற்றிய கத்தரிக்கு, ஒப்புதல் என்று செய்தி வந்ததும் நான் துள்ளினேன். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் அதில் ஒரு பங்காளி. கோ 2, எம்.டி.யு. 1 மாதிரி நம்மூர் ரகங்களிலேயே அந்த மரபணுவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை, பக்கத்தில் என்றால் பெங்களூருதான். 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி நிறுத்தி வைத்துவிட்டார். டெல்லியில் கத்தரிக்காயைச் சந்தையில் வாங்கித் தின்கிறவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள் என்று ஒரு வாரம் திட்டித் தீர்த்தேன்.

2012 ஆகஸ்டில் நிலைக்குழு அறிக்கை வந்தது. 37-ஆவது அறிக்கை, மரபணு மாற்ற உணவுப் பயிர்கள் பற்றி. தலைவர் பாங்குரா எம்.பி. வாசுதேவ் ஆச்சார்யா, மார்க்சிஸ்ட். அதனாலேயே எனக்கு நம்பிக்கையில்லை, 'கம்யூனிஸ்ட்காரர் எழுதியது வேறெப்படி இருக்கும்' என்று. ஐந்நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆங்கிலம் வேறு. என் மகள் அப்போது கல்லூரி விடுமுறையில் இருந்தாள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வாசித்துச் சொல்வாள்.

என்னை நிறுத்தியது மகாராஷ்டிரத்து விதர்பாவைப் பற்றிய பகுதிதான். குழு யவத்மால் மாவட்டத்தில் பாம்ப்ராஜா என்ற கிராமத்துக்கும் போயிருந்தது. பி.டி. பருத்தியால் செழித்த ஊர் என்று பத்திரிகைகளில் படம் போட்டுக் காட்டிய ஊர் அது. அங்கே போய்க் கேட்டால் ஜனங்கள் வேறு கதை சொன்னார்கள். செலவு ஏறியது, மானாவாரிக் காட்டில் மழை தவறினால் எல்லாம் போச்சு. பருத்தியின் லாபம் கம்பெனிக்குப் போன அளவு சின்ன விவசாயிக்குப் போகவில்லை என்று குழு எழுதியது. திறந்தவெளி வயல் சோதனைகளை நிறுத்து, பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் கொடுத்த விதத்தையே விசாரி என்றது. இவ்வளவையும் 31 பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆளுங்கட்சிக்காரர்களும் அதில் உண்டு. மாற்றுக் கருத்து இருந்தால் குறிப்பு எழுதிக் கொடுக்க விதியிருக்கிறது, யாரும் கொடுக்கவில்லை. என் 'கம்யூனிஸ்ட்காரர்' வாதம் அங்கேயே படுத்துவிட்டது.

டிசம்பர் 28

நேற்றைய குறிப்பைப் படித்தால் நான் முழுக்க மனம் மாறிவிட்ட மாதிரி இருக்கிறது. இல்லை. பங்களாதேஷில் 2014 முதல் பி.டி. கத்தரி பயிரிடுகிறார்கள். மருந்தடித்த ராத்திரிகளில் இன்றைக்கும் அந்த நினைப்பு வரும். மாறியது ஒன்றுதான்: 'எவனோ டெல்லியில் முடிவு பண்ணினான்' என்று இப்போது சொல்வதில்லை. யார் வந்து சாட்சி சொன்னார்கள், துறை என்ன பதில் கொடுத்தது, குழு ஏன் ஏற்கவில்லை, எல்லாம் பக்க எண்ணோடு இருக்கிறது. அந்தப் பக்கத்தோடு நான் சண்டை போடலாம்.

ஜனவரி 3, 2025

"அறிக்கையால் உங்களுக்குக் காசாக ஏதாவது கிடைத்ததா?" இல்லை. இழந்த கதைதான் இருக்கிறது.

2008-இல் மக்காச்சோளம். ஆள் உயரம் வளர்ந்தது, கதிரில் மணியில்லை. உரித்தால் பாதி பொக்கை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிழவி பல் மாதிரி. விதைக்கடைக்காரர் "தண்ணி ஓவராப் பாய்ச்சிட்டீங்கண்ணே" என்றார். பக்கத்துக் காட்டுக்காரர் அதே விதை, அவரிடம் "தண்ணி பத்தலை" என்றாராம். இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் நீதிமன்றம் போங்கள் என்றார்கள். மூன்று வாய்தா போனேன். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் பிழைப்பும் பஸ் காசும் போச்சு. நாலாவது வாய்தாவுக்கு வெங்காயம் பிடுங்க வேண்டியிருந்தது, விட்டுவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, இந்தப் பிரச்சினை அப்போதே நிலைக்குழு மேஜைக்குப் போய் வந்திருக்கிறது. 2004 டிசம்பரில் ஒரு விதை மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. விதை பொய்த்தால் விவசாயி நுகர்வோர் சட்டப்படி வழக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் அதிலும் இருந்தது. மசோதா ராம் கோபால் யாதவ் தலைமையிலான வேளாண் குழுவுக்குப் போனது. 2006-இல் குழு அதைக் கிழித்துத் தோரணம் கட்டியது. விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், கம்பெனி விதைக்குள்ள முளைப்புத்திறன் அளவுகோலை அவன் தலையில் கட்டாதே என்றது. மசோதா அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டம்.

இது குழுவின் வெற்றியா தோல்வியா என்று எனக்கே தீர்மானம் இல்லை. மோசமான சட்டம் வராமல் தடுத்தார்கள், சரி. நல்ல சட்டமும் வரவில்லை. என் மக்காச்சோளம் இரண்டுக்கும் நடுவில் போனது.

ஜனவரி 5

டீ பிஸ்கட் பற்றி. ஒரு சட்டமன்றக் குழு (எது என்று சொல்ல மாட்டேன், எந்த ஊர் என்றும் சொல்ல மாட்டேன்) ஒரு காய்கறிச் சந்தைக்கு ஆய்வுக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். முதல் நாளே பிளீச்சிங் பவுடரைக் கோலம் மாதிரி போட்டுவிட்டார்கள். எடைமேடையைத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். வருஷக்கணக்காக எரியாத கழிவறை விளக்கு அன்று எரிந்தது. குழு பதினைந்து நிமிஷம் இருந்தது. டீ இல்லை, இளநீர். அந்த விளக்கு மட்டும் அடுத்த பொங்கல் வரை எரிந்தது. குழுக்களால் பயனில்லை என்று யாரும் சொல்லாதீர்கள்.

ஜனவரி 11

2020 பற்றி ஏன் பேசவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தள்ளிப்போட்டதற்குக் காரணம், அதை நினைத்தால் கோபம் வருகிறது.

மூன்று வேளாண் சட்டங்களும் ஜூன் மாதம் அவசரச் சட்டமாக வந்தன. செப்டம்பரில் மசோதாவாக வந்தன. ஒன்றுகூட நிலைக்குழுவுக்குப் போகவில்லை. செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் குழுவுக்கு அனுப்பு என்றன. திருச்சி சிவா அப்படியொரு தீர்மானம் கொடுத்து வாக்கெடுப்பும் கேட்டார். குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார்கள். பிறகு விவசாயிகள் டெல்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்தார்கள். கடைசியில் 2021 நவம்பர் 29 அன்று மூன்றையும் வாபஸ் வாங்கும் மசோதாவும் விவாதமில்லாமலே நிறைவேறியது. கொண்டுவந்தபோதும் பேசவில்லை, எடுத்துப்போனபோதும் பேசவில்லை.

விதை மசோதா குழுவில் இருந்தது இரண்டு வருஷம். அப்போது அதை 'கிடப்பில் போடுவது' என்றோம். ஒரு நாலு மாசம் அந்த மாதிரி கிடப்பில் போட்டிருந்தால் மண்டி வரி, ஒப்பந்தப் பண்ணையம், தகராறு வந்தால் ஆர்.டி.ஓ.விடம் போவதா கோர்ட்டுக்குப் போவதா எல்லாம் அந்த அறைக்குள் அடிபட்டிருக்கும். பஞ்சாப்காரரும் நம்மவரும் ஒரே மேஜையில் இருந்திருப்பார்கள். 2009 முதல் 2014 வரை இருந்த மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதா குழுக்களுக்குப் போனது. 2019-இல் வந்த மக்களவையில் 16.

ஜனவரி 12

சரியாகப் பிடித்தீர்கள். மாநிலங்களவையில் அன்று கேட்டது தேர்வுக்குழு, நிலைக்குழு இல்லை. தேர்வுக்குழு ஒரு மசோதாவுக்காக மட்டும் போட்டு, முடிந்ததும் கலைப்பது. நேற்றைய வேகத்தில் கலந்துவிட்டேன்.

இன்னொன்று, "நிலைக்குழுவே 2021-இல் அத்தியாவசியப் பொருள் திருத்தச் சட்டத்தை அமல்படுத்து என்று சொன்னதே" என்கிறீர்கள். சொன்னது உணவுத் துறைக்கான குழு, வேளாண் குழு இல்லை. அந்த அறிக்கையை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் எங்களுக்குச் சம்மதமில்லை என்று பிறகு மறுத்தார்கள்.

ஆனால் இதில் ஒரு நிஜமான கோளாறு இருக்கிறது. என் ஒரு ஏக்கர் எத்தனை குழுவில் கிடக்கிறது பாருங்கள். விதையும் பயிர்க் காப்பீடும் வேளாண் குழுவில். யூரியா மூட்டை ரசாயன உரத்துறைக் குழுவில். வாய்க்கால் தண்ணீர் நீர்வளக் குழுவில். நெல் கொள்முதலும் கரும்பு விலையும் உணவுக் குழுவில். நூறு நாள் வேலை, அதனால் எனக்குக் களையெடுக்க ஆள் கிடைக்காத விவகாரம், ஊரக வளர்ச்சிக் குழுவில். மாடு மட்டும் வேளாண் குழுவோடு இருக்கிறது, அந்தமட்டுக்கு நிம்மதி.

ஜனவரி 19

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இது மாதிரி உண்டா? துறைவாரிக் குழு இல்லை. பொதுக்கணக்கு, மதிப்பீடு, உறுதிமொழி என்று பொதுவான குழுக்கள் உண்டு. வேளாண்மைக்கென்று ஒன்று கிடையாது. 2021 ஆகஸ்டிலிருந்து தனி வேளாண் பட்ஜெட் வாசிக்கிறார்கள், நல்லதுதான். அதைப் பிரித்துப் பார்க்கத் தனிக் குழு இல்லை. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் 2020 பிப்ரவரியில் கொண்டுவந்த நாளிலேயே நிறைவேறியது. ஏரி குளத்தோடு நிலத்தைச் சேர்த்துக் கொடுக்கும் நில ஒருங்கிணைப்புச் சட்டம் 2023 ஏப்ரலில் விவாதமில்லாமல் நிறைவேறியது. ஆட்சிதான் வேறு, அவசரம் ஒன்று.

கேரளாவில் 1980-லிருந்தே இருக்கிறது. டெல்லிக்கு முன்னாலேயே. முதல் குழுவே வேளாண்மை, கால்நடை, மீன்வளம்தான். ஆனால் அங்கே துறை அமைச்சரே குழுத் தலைவர். அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது, மாமியார் வைத்த பரீட்சைக்கு மாமியாரே விடை எழுதுவது மாதிரி. பாலக்காட்டு நண்பர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அமைச்சர் உள்ளேயே இருப்பதால் திருத்தம் அங்கேயே ஏற்கப்பட்டுவிடுகிறது, கடிதப் போக்குவரத்து இல்லை என்றார். யோசிக்க வேண்டிய விஷயம். நான் இன்னும் யோசிக்கிறேன்.

பிப்ரவரி 1

பட்ஜெட் பார்த்தேன். 6,000 அப்படியே 6,000. கிசான் கார்டு கடன் வரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சம். கையில் கொடு என்றால் கடனாக வாங்கிக்கொள் என்கிறார்கள்.

முதல் கேள்வி கேட்ட தம்பி "நான்தான் சொன்னேனே" என்று எழுதுவதற்குள் நானே எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 2

தம்பி எழுதிவிட்டார். பரவாயில்லை. முதல் நாள் "பதில் எழுதியாகணும்" என்று சொல்லிவிட்டு விளக்காமல் விட்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

அறிக்கை வைத்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் என்ன செய்தோம் என்று அமைச்சகம் எழுதிக் கொடுக்கணும். அதை வைத்துக் குழு இன்னொரு அறிக்கை போடும். அது ஐந்து அத்தியாயம். முதலாவது குழுவின் விமர்சனம். இரண்டாவதில் அரசு ஏற்றுக்கொண்டவை. மூன்றாவதில் பதிலைப் பார்த்துக் குழுவே 'சரி, விடு' என்று விட்டவை. நாலாவதில் அரசின் பதிலைக் குழு ஏற்காதவை. ஐந்தாவதில் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பவை. பத்திரிகைகள் முதல் அறிக்கையோடு நின்றுவிடும். நீங்கள் இந்த இரண்டாவது அறிக்கையில் நாலாவது அத்தியாயத்துக்கு நேரே போங்கள். அங்கேதான் மேடையில் யாரும் சொல்லாத "முடியாது" கையெழுத்தோடு இருக்கும். நமக்காக நிற்பதாகச் சொல்லும் எம்.பி.யிடம் மனு கொடுக்கப் போகும்போது நான் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போவேன். வெறும் கோரிக்கையோடு போனால் சால்வை, போட்டோ. நகலோடு போனால் உட்காரச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 25

நேற்று மத்தியானம் எனக்கு 2,000 ரூபாய் ஏறியதாகச் செய்தி வந்தது, 19-ஆவது தவணை. அப்போது பக்கத்துக் காட்டில் குத்தகைக்கு ஓட்டுகிறவர் என் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். பதினொரு வருஷமாக அந்த நிலத்தில் வேலை செய்கிறவர் அவர். பட்டா வேறொருவர் பெயரில், அவர் திருப்பூரில் இருக்கிறார். பணம் திருப்பூருக்குப் போகும்.

சரன்ஜித் சிங் சன்னி தலைமையிலான வேளாண் நிலைக்குழுவின் டிசம்பர் அறிக்கையில் குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் சேர்த்து உதவித்தொகை கொடு என்று ஒரு வரி இருக்கிறது. மகள் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தத் தாளை அவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எப்பண்ணே வரும்?"

"மார்ச்சுக்குள்ள வரணும்."

"பணமா?"

"பதில்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் தாளை நாலாக மடித்து, பம்புசெட் ரூமில் ஆதார் நகலெல்லாம் போட்டு வைத்திருக்கும் மஞ்சள் பையில் செருகிவிட்டு, மடை மாற்றப் போய்விட்டார்.